மெயின் சுவிட்சை மட்டும் நம்பலாமா?

கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் மூணாறு மலையில் உள்ள பள்ளிவாசலில் பிறந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானம் முத்திரப்புழை ஆற்றின் நீரைக் குழாய்களில் இறக்கி 1940இல் இங்கே மின்சாரம் எடுத்தது. ஆலுவாய்ப் பக்கம் அலுமினிய ஆலையும் உர ஆலையும் எழுந்தது இந்த மின்சாரத்தை நம்பித்தான். அதற்கும் முன்பே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தேயிலைக் கம்பெனி தன் தொழிற்சாலைகளுக்காக இதே ஆற்றில் சிறிய அளவில் மின்சாரம் எடுத்திருந்தது. அப்படிப்பட்ட ஊரில் மழைக்காலம் வந்தால் வீடுகள் இருண்டு கிடப்பது வெளியூர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் எளிது. மின்நிலையத்தில் பிறக்கும் மின்சாரம் உயர் அழுத்தக் கம்பிகளில் ஏறி மலையை விட்டு இறங்கிவிடுகிறது. வீடுகளுக்கு வருவதோ, 11,000 வோல்ட் கம்பி வழியாகச் சில்வர் ஓக்குக்கும் கிராண்டிஸ் மரத்துக்கும் நடுவே வளைந்து வளைந்து வந்து, டிரான்ஸ்ஃபார்மரில் இறங்கி, மீண்டும் மரங்களுக்கு நடுவே ஓடும் 230 வோல்ட் லைன். ஒரு கிளை முறிந்தால் ஒரு சரிவு முழுக்க இருட்டு. மண் சரிந்து சாலை அடைபட்டால் அந்தக் கிளையை வெட்ட ஆள் வந்து சேரவே ஒரு பகல் ஆகும். ஆகவே இந்த மலையில் ஜெனரேட்டர் வாங்குகிறவரை ஆடம்பரக்காரர் என்று யாரும் சொல்ல முடியாது. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் மண்ணுக்குள் போய் 70 உயிர்கள் மாண்டபோது, மின்சாரமும் செல்பேசித் தொடர்பும் அற்றுக் கிடந்த அந்த இடத்திலிருந்து செய்தி வெளியே வரவே மறுநாள் விடிய வேண்டியிருந்தது. இருட்டின் விலை இங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஜெனரேட்டர் வேண்டுமா என்பதில் எனக்கு விவாதமில்லை. அதை வீட்டு வயரிங்கோடு எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் விவாதம். என் வாதம் ஒன்றே ஒன்று. கரண்ட் கம்பெனியின் லைனும் ஜெனரேட்டரும் எந்த நொடியிலும் ஒன்றையொன்று தொட முடியாதபடி ஒரு சுவிட்சின் உலோகமே தடுக்க வேண்டும்; அந்த வேலையை மனிதனின் ஞாபகத்திடம் விடக் கூடாது. "முதலில் மெயினை ஆஃப் பண்ணு, பிறகு ஜெனரேட்டரைப் போடு" என்ற வழக்கம் மலையிலும் சமவெளியிலும் பரவலாக இருக்கிறது. அந்த வழக்கம் ஏன் பாதுகாப்பு ஆகாது என்பதையும், அதற்குப் பதிலாக என்ன வேண்டும் என்பதையும், அதற்கு வரும் மறுப்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் ஆபத்து எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். ஜெனரேட்டர் வாங்கியவர் பெரும்பாலும் செய்வது, இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய ஒரு வயரை எடுத்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையைச் சமையலறையின் 15 ஆம்பியர் சாக்கெட்டிலும் செருகுவது. வீடு முழுக்க விளக்கு எரிகிறது. மெயின் சுவிட்ச் ஆனில் இருந்தால் அதே மின்சாரம் மீட்டரைத் தாண்டிப் போஸ்ட்டுக்கும் போகிறது. இதை லைன்மேன்கள் ரிட்டர்ன் சப்ளை என்கிறார்கள். போஸ்ட்டில் ஏறியிருப்பவரின் கணக்கில் அந்த லைன் செத்த லைன். அதில் 230 வோல்ட் இருக்கிறது என்பதை அவருக்குச் சொல்ல அங்கே எதுவும் இல்லை. அந்த மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மர் வரை போனால் நிலைமை இன்னும் மோசம். 11,000 வோல்ட்டை இறக்கும் அதே கருவி, கீழிருந்து ஊட்டினால் ஏற்றியும் கொடுக்கும். வீட்டிலிருந்து போகும் 230 வோல்ட், மறுபக்கத்துக் கம்பிகளுக்கிடையே ஏறத்தாழ 10,000 வோல்ட்டாக நிற்கும். அந்த வயருக்கு இன்னொரு கேடும் உண்டு. ஜெனரேட்டர் ஓடும்போது சாக்கெட்டிலிருந்து யாராவது பிளக்கை உருவினால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளைப் பின்கள் இரண்டிலும் உயிர் இருக்கும். குழந்தை உள்ள வீட்டில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இங்கேதான் முதல் மறுப்பு வருகிறது, அதுவும் விவரம் தெரிந்தவர்களிடமிருந்து. "இரண்டு கேவிஏ ஜெனரேட்டர் எப்படி ஊரையே சுமக்கும்? லைனில் ஐம்பது வீடு தொங்குகிறது; அவ்வளவு லோடும் ஒரே நேரத்தில் இழுத்தால் எஞ்சின் திணறி நின்றுவிடும், அல்லது அதன் பிரேக்கர் விழுந்துவிடும். யாருக்கும் ஒன்றும் ஆகாது" என்பார்கள். இதில் பாதி உண்மை. லைன் முழுதாக இருந்து, அத்தனை வீடுகளும் அதில் இணைந்திருந்தால் சிறிய ஜெனரேட்டர் திணறத்தான் செய்யும். ஆனால் லைன்மேன் போஸ்ட்டில் ஏறுவது லைன் முழுதாக இருக்கும் நாளில் அல்ல. கம்பி அறுந்து, டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் உருவப்பட்டு, லைன் துண்டுதுண்டாகக் கிடக்கும் நாளில் ஏறுகிறார். ஜெனரேட்டர் வீடு தொங்கும் துண்டில் இன்னும் இரண்டு வீடுகள்தான் இருக்கலாம். அவர்களும் விளக்கை அணைத்துப் படுத்திருக்கலாம். அப்போது இரண்டு கேவிஏ தாராளமாகப் போதும். மனித இதயத்தின் துடிப்பைக் குலைக்க ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு கூடத் தேவையில்லை. அந்தச் சிறிய ஜெனரேட்டர் 8 ஆம்பியருக்கு மேல் தரும். மலைச்சரிவுகளில் சில இடங்களில் டிரான்ஸ்ஃபார்மர்களும் சின்னவை. நூறு கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரை எழுப்ப முடியாத ஐந்து கேவிஏ ஜெனரேட்டர், இருபத்தைந்து கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரை எழுப்பிவிடக்கூடும். எஞ்சின் திணறும் அந்த இரண்டு மூன்று நொடிகளே ஒரு ஆளுக்குப் போதும் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

லைன்மேனை மட்டும் நினைத்துப் பேசுவதும் குறைதான். கம்பி அறுந்து தேயிலைச் செடிகளின் மேல் கிடக்கும். பிரிவு அலுவலகத்துக்குத் தகவல் போய் ஃபீடரை ஆஃப் செய்திருப்பார்கள். காலையில் கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் நனைந்த செடிகளுக்குள் இறங்குவார்கள். கம்பி கிடப்பது இலைகளுக்கடியில் தெரியாது. ஃபீடர் ஆஃப் ஆகிவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கும் வேளையில், மேட்டில் இருக்கும் ஒரு ஹோம்ஸ்டேயில் விருந்தாளிகளின் காலைக் குளியலுக்காக ஜெனரேட்டரை ஓட்டினால் அந்தக் கம்பியின் நிலை என்ன? லைன்மேனுக்குக் கையுறை உண்டு, டெஸ்டர் உண்டு, பயிற்சி உண்டு. கொழுந்துக் கூடையோடு போகிறவருக்கு அதில் ஒன்றும் கிடையாது.

இரண்டாவது மறுப்பு, பொறுப்பை இடம் மாற்றுகிற மறுப்பு. "லைனில் கை வைக்கும் முன் சோதித்துப் பார்ப்பதும், இரு பக்கமும் கம்பிகளைச் சேர்த்து எர்த் செய்வதும் லைன்மேனின் விதி. அதை அவர் செய்தால் எங்கள் ஜெனரேட்டர் அவரை என்ன செய்யும்?" விதி இருப்பது உண்மை, அதைப் பின்பற்றினால் உயிர் தப்பும் என்பதும் உண்மை. ஆனால் அந்த விதி கடைசி அரண். மற்ற எல்லா அரண்களும் விழுந்த பிறகு நிற்க வேண்டியது. சோதனை ஒரு கணத்துக்கு உரியது. ஆறரை மணிக்கு டெஸ்டர் வைத்துப் பார்க்கும்போது லைன் செத்துத்தான் இருக்கும். ஜெனரேட்டர்கள் உறுமத் தொடங்குவது இருட்டிய பிறகு ஏழு மணிக்கு. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தில் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருண்டன. அதே ஆண்டு நவம்பர் 16இல் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. கேரள மின்வாரிய ஊழியர்கள் டெல்டாவுக்கு வந்து தோள் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட நாட்களில், தனக்குப் பழக்கமில்லாத ஊரில், எந்த வீட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது என்று தெரியாமல், பல நாள் தூக்கமின்றி, கொட்டும் மழையில் போஸ்ட் ஏறுகிற ஒருவரிடம் "நீங்கள் விதியைப் பின்பற்றியிருக்க வேண்டும்" என்று சொல்லும் உரிமை, விளக்கொளியில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இல்லை. அதே கஜா நாட்களில் டெல்டாக் கிராமங்களில் வாடகை ஜெனரேட்டர்கள் மேல்நிலைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றின. செல்பேசிகளுக்குச் சார்ஜ் ஏற்றின. ஜெனரேட்டர்கள் மிக அதிகமாக ஓடும் நாட்களும், லைனில் மிக அதிகமான ஆட்கள் ஏறியிருக்கும் நாட்களும் ஒன்றேதான்.

மூன்றாவது மறுப்புதான் மிக வலுவானது. "நான் மறக்க மாட்டேன். மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான் போடுவேன். சுவிட்ச் செய்கிற வேலையை என் கை செய்கிறது." ஒருவர் தனியாக, நிதானமாக, பகலில் செய்தால் இது சரி. ஆனால் ஜெனரேட்டரை ஓட்டுவது எப்போதும் அவராகவே இருக்காது. வீட்டுக்காரர் அடிமாலிக்குப் போயிருப்பார். கரண்ட் போனதும் மகனோ சமையலுக்கு வந்தவரோ கயிற்றை இழுப்பார்கள். நள்ளிரவில், டார்ச் வெளிச்சத்தில், நோயாளி ஒருவர் மூச்சுக்குத் தவிக்கும்போது இழுப்பார்கள். மெயினை ஆஃப் செய்தவர் ஒருவராகவும், "ஃபிரிட்ஜ் ஓடவில்லையே, மெயின் விழுந்திருக்கிறது போல" என்று அதைத் தூக்கிவிடுபவர் இன்னொருவராகவும் இருப்பார்கள். நூறு முறை சரியாகச் செய்த கை நூற்றியோராவது முறை தவறுவது அலட்சியத்தால் மட்டும் நடப்பதில்லை. வழக்கமாகிப்போன எந்தச் செயலிலும் அது நடக்கும். இதற்காகவே உலகெங்கும் மின் விதிகள் நல்லெண்ணத்தை நம்பாமல் பூட்டை நம்புகின்றன. அமெரிக்க தேசிய மின் விதித்தொகுப்பின் 702ஆம் பிரிவு, வீட்டு ஜெனரேட்டரை வயரிங்கோடு சேர்த்தால் இரண்டு மூலங்களும் ஒருசேர இணையாதபடி தடுக்கும் மாற்று அமைப்பு இருந்தாக வேண்டும் என்கிறது. நம் ஊரில் அந்த அமைப்புக்குப் பெயர் சேஞ்ச் ஓவர் சுவிட்ச். கைப்பிடி ஒரு பக்கம் போனால் லைன், மறுபக்கம் போனால் ஜெனரேட்டர், நடுவில் ஆஃப். இரண்டையும் ஒன்றாக இணைக்கும் நிலை அதன் உள்ளமைப்பிலேயே கிடையாது. யார் இழுத்தாலும், எந்த நேரத்தில் இழுத்தாலும், தூக்கக் கலக்கத்தில் இழுத்தாலும் கிடையாது.

பிறர் உயிரைப் பற்றிய பேச்சு சிலரை அசைக்காது. அவர்களுக்குச் சொந்த நட்டமே போதுமான காரணம். மெயின் ஆனில் இருந்து ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கையில் லைனில் மின்சாரம் திரும்பி வந்தால் என்ன நடக்கும்? இரண்டும் நொடிக்கு 50 முறை ஏறி இறங்குகின்றன. ஆனால் ஒன்றின் ஏற்றமும் மற்றொன்றின் ஏற்றமும் ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒன்று மேல் உச்சியில் நிற்கும்போது மற்றது கீழ் உச்சியில் நின்றால் இடைவெளி 650 வோல்ட். மறுபக்கம் நிற்பது மாநிலத்தின் மின்கட்டமைப்பு முழுவதும். ஜெனரேட்டரின் சுருள்கள் எரியும். எஞ்சினின் அச்சு முறுக்கு வாங்கும். பக்கத்தில் பெட்ரோல் கேன் இருந்தால் வீடும் எரியும்.

சுவிட்ச் வாங்குவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அங்கேதான் பல வீடுகள் கோட்டை விடுகின்றன. ஃபேஸை மட்டும் மாற்றி நியூட்ரலைப் பொதுவாக விட்டுவிடும் சுவிட்ச் மலிவாகக் கிடைக்கும். அது போதாது. சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கு ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் டபுள் போல் சுவிட்ச் வேண்டும். த்ரீ ஃபேஸ் வீட்டுக்கு ஃபோர் போல். லைனின் நியூட்ரலும் ஒரு கம்பிதான். அதுவும் அறுந்து விழும். அறுந்த நியூட்ரலோடு வீட்டு ஜெனரேட்டரின் நியூட்ரல் சேர்ந்திருந்தால், வீட்டில் ஏற்படும் ஒரு கோளாறு அந்தக் கம்பி வழியாக வெளியே போய்ப் பிறரைத் தொடும். நியூட்ரல் ஷாக் அடிக்காது என்ற நம்பிக்கை, அது டிரான்ஸ்ஃபார்மரடியில் எர்த் ஆகியிருக்கும் வரைதான் செல்லும். அபார்ட்மெண்டுகளில் ஜெனரேட்டருக்குத் தானாக மாற்றிக்கொள்ளும் ஏசிசிஎல் பெட்டியை வைப்பதாக இருந்தாலும் இதே கேள்வியைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டும்: நியூட்ரலும் மாறுகிறதா?

நியூட்ரலைத் துண்டித்ததும் இன்னொரு கேள்வி பிறக்கிறது. அதைப் பற்றி எலக்ட்ரீஷியன்களே அதிகம் பேசுவதில்லை. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். வீட்டில் ஷாக் அடித்தால் 30 மில்லி ஆம்பியர் கசிந்ததுமே தூக்கி எறியும் ஆர்சிசிபி, பேச்சுவழக்கில் இஎல்சிபி, இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது எதை வைத்து வேலை செய்கிறது? ஃபேஸில் போன மின்சாரம் முழுதும் நியூட்ரலில் திரும்பாமல் கொஞ்சம் மண் வழியாகத் திரும்பினால், அந்தக் குறைவைப் பார்த்து விழுகிறது. லைன் சப்ளையில் மண் வழி திரும்ப இடம் உண்டு. டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் மண்ணில் புதைந்திருக்கிறது. கையடக்க ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எதனோடும் சேராமல் மிதந்துகொண்டிருக்கும். மண்ணுக்குப் போன மின்சாரம் திரும்பி வர வழியே இல்லாதபோது ஆர்சிசிபிக்குத் தெரிவதற்கு ஒன்றும் இல்லை. முதல் கோளாறில் யாருக்கும் ஷாக் அடிக்காது. அதனாலேயே அந்தக் கோளாறு யாருக்கும் தெரியாமல் கிடக்கும். வேறு இடத்தில் இரண்டாவது கோளாறு வரும்போது, அல்லது ஒருவர் மற்றொரு கம்பியைத் தொடும்போது, அவரது உடல் வழியாகச் சுற்று முழுமை பெறும். வீட்டின் நீண்ட வயரிங் முழுவதற்கும் ஊட்டும் ஜெனரேட்டரின் நியூட்ரலை, தயாரிப்பாளரின் கையேடு அனுமதிக்கும் வகையில், ஜெனரேட்டர் பக்கத்திலேயே ஒரே ஓர் இடத்தில் எர்த்தோடு சேர்க்க வேண்டும். ஆர்சிசிபி அதற்குப் பிறகு, சேஞ்ச் ஓவர் சுவிட்சையும் தாண்டி, வீட்டுப் பக்கம் இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர்கள் சிலவற்றில் இப்படிச் சேர்ப்பதே கேடு என்பதால் கையேட்டைப் பார்க்காமல் இதைச் செய்யக் கூடாது. பாறை அதிகமான மலை மண்ணில் எர்த் குழியின் தடை எளிதில் நூறு ஓமைத் தொடும். அப்போது ஃபேஸ் நேரடியாக எர்த்தைத் தொட்டாலும் ஓடுவது இரண்டரை ஆம்பியருக்கும் குறைவு. எந்த ஃபியூஸும் அதற்கு உருகாது. எந்த எம்சிபியும் விழாது. ஆர்சிசிபி ஒன்றுதான் காப்பாற்றும். அதைக் குருடாக்கிவிட்டு ஜெனரேட்டர் ஓட்டுவது, மழையில் நனைந்த தரையில் வெறுங்காலோடு நடக்கும் குடும்பத்துக்கு நல்லதல்ல.

மலையின் உயரமும் ஒரு கணக்கைக் கேட்கிறது. காற்று மெலிந்த இடத்தில் எஞ்சின் பலம் இழக்கும். 300 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ மூன்றரை சதவீதம் என்று எஞ்சின் கையேடுகள் சொல்கின்றன. மூணாறு போல 1,500 மீட்டர் உயரத்தில் அது 17 சதவீதத்தைத் தொடும். கொச்சிக் கடையில் மூன்று கிலோவாட் என்று வாங்கியது இங்கே இரண்டரைதான். ஒரு குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார் ஓடும்போது ஒரு கிலோவாட்டுக்குச் சற்றே கூடுதலாக எடுத்தாலும், புறப்படும் கணத்தில் அதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அதனோடு கெய்சரும் சேர்ந்தால் வோல்டேஜ் சரிந்து ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் புகையும். ஆகவே ஜெனரேட்டரில் ஓட வேண்டியவற்றை முன்பே தேர்ந்து தனி டிபி பெட்டியில் பிரித்து, சேஞ்ச் ஓவர் சுவிட்சை அந்தப் பெட்டிக்கு மட்டும் வைப்பது நல்லது. விளக்குகள், ஃபிரிட்ஜ், இணைய மோடம், ஒரு சாக்கெட், மருத்துவக் கருவி ஏதேனும் இருந்தால் அது. கெய்சர் லைனிலேயே இருக்கட்டும். லைன் பக்கத்தில், சுவிட்சுக்கு முன்னால், ஒரு சின்ன இண்டிகேட்டர் விளக்கு வைத்தால் கரண்ட் திரும்பி வந்தது தெரியும். தெரியாததால்தான் பலர் மெயினைத் தூக்கித் தூக்கிச் சோதிக்கிறார்கள்.

கேரளத்தில் மிகப் பல வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறது. கூரையில் சோலார் ஏறிவரும் வீடுகளும் பெருகுகின்றன. "இவை இருக்க ஜெனரேட்டர் எதற்கு?" என்பது நியாயமான கேள்வி. ஒரு மாலைக்குப் போதும் என்றால் தேவையில்லைதான். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று இரவு முழுக்க நான்கு விளக்கையும் மோடத்தையும் சுமக்கும். இரண்டாம் நாள் அது காலி. அதை மீண்டும் நிரப்ப லெட் ஆசிட் பேட்டரி பத்து மணி நேரத்துக்கு மேல் கேட்கும். மூன்று மணி நேரம் ஜெனரேட்டர் ஓட்டினால் மூன்றில் ஒரு பங்குதான் ஏறும். மழை மூடிய வானத்தில் சோலாரும் அரைகுறை. மேலும், லைனோடு சேர்ந்து இயங்கும் சாதாரண சோலார் இன்வெர்ட்டர் லைன் செத்ததும் தானும் நின்றுவிடும்படி செய்யப்பட்டிருக்கிறது. லைன்மேனைக் காக்கும் ஏற்பாடு அது. அதே வீட்டில் ஜெனரேட்டரைப் போட்டால், சோலார் இன்வெர்ட்டர் அதை லைன் என்று எண்ணிக்கொண்டு விழித்து, தன் உபரி மின்சாரத்தை ஜெனரேட்டருக்குள் தள்ளப் பார்க்கும். சோலார் உள்ள வீட்டில் சேஞ்ச் ஓவர் சுவிட்சின் இடம், சோலார் இணைப்பை லைன் பக்கத்திலேயே விட்டுவிடும்படி அமைய வேண்டும். இதைச் சோலார் மாட்டியவரிடமே வரைந்து வாங்கிக்கொள்வது நல்லது.

புகையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. வயரிங் பிழையைப் போலவே புகையும் சத்தமில்லாமல் கொல்கிறது. எஞ்சின் கக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது உட்கார்ந்துகொள்ளும். கையடக்க ஜெனரேட்டர்களின் புகையால் அமெரிக்காவில் ஆண்டுதோறும் சுமார் 100 பேர் இறப்பதாக அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி வைக்கச் சொல்வதும் அதுவே. கேரளத்துக்கு இந்த வாயுவின் கொடுமை தெரியாததல்ல. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்னும் மலையூரில், குளிருக்குக் கதவடைத்து கேஸ் ஹீட்டர் வைத்துப் படுத்த எட்டு மலையாளிகள் காலையில் எழவில்லை. மூணாற்றுக் குளிரிலும் கதவு ஜன்னல் சாத்தித்தான் படுக்கிறார்கள். மழைக்குப் பயந்து ஜெனரேட்டரைத் திண்ணையிலும், மாடிப்படிக்கு அடியிலும், விறகுக் கொட்டகையிலும் வைக்கும் வழக்கம் இங்கே எளிதில் வந்துவிடும். நாலு பக்கமும் திறந்த, மேலே தகரம் போட்ட தனிப் பந்தல் ஒன்று முற்றத்தின் ஓரத்தில் போதும். புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். அவ்வளவு தூரத்திலிருந்து வீட்டுக்குள் மின்சாரம் கொண்டுவரத்தான் சுவரில் நிலையாகப் பதித்த ஒரு இன்லெட் தேவைப்படுகிறது. சேஞ்ச் ஓவர் சுவிட்சுக்குப் போகும் அந்த வழி முறையாக இருந்தால், ஜெனரேட்டரை வீட்டருகே இழுத்துவரும் ஆசையும் போய்விடும்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 2010இல் மத்திய மின்சார ஆணையம் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், ஜெனரேட்டர் வைப்பவர் மின் விநியோகஸ்தருக்கும் மின் ஆய்வாளருக்கும் 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்றன. 10 கிலோவாட்டுக்கு மேல் என்றால் ஆய்வாளரின் எழுத்து ஒப்புதலும் வேண்டும் என்றன. 2023இல் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன. ஒப்புதலுக்கான எல்லைக்கோடு பெரிய ஜெனரேட்டர்களை நோக்கியே போடப்பட்டது. ஓட்டலின் பெரிய டீசல் ஜெனரேட்டரைப் பார்க்க ஆய்வாளர் வருவார். அதற்குப் பேனலும் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரும் உண்டு. வீட்டுத் திண்ணையில் இருக்கும் இரண்டு கிலோவாட்டைப் பார்க்க யாரும் வருவதில்லை. இரு பக்கமும் பிளக் உள்ள வயர் இருப்பதோ அந்தத் திண்ணையில்தான். மூணாறு மலைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே விநியோகம் ஒரே கையில் இல்லை. மின்வாரியத்தோடு, கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனமும் உரிமம் பெற்ற விநியோகஸ்தர். தோட்டத்துக்குள் ஓடும் லைன் யாருடையது என்பதைப் பொறுத்து, ரிட்டர்ன் சப்ளை யாருடைய ஆளைத் தொடும் என்பது மாறுகிறது. முன்னறிவிப்பு போக வேண்டிய அலுவலகமும் மாறுகிறது.

கடைசி மறுப்பு பணம். இதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. ஹோம்ஸ்டே நடத்துபவருக்கும் சொந்த வீட்டுக்காரருக்கும் நல்ல டபுள் போல் சுவிட்ச், இன்லெட், வயர், உரிமம் உள்ள வயர்மேன் கூலி எல்லாம் சேர்ந்தாலும் ஜெனரேட்டர் விலையில் சிறு பங்குதான். அவர்கள் செலவைக் காரணம் காட்ட முடியாது. லயத்தில் இருப்பவர் நிலைமை வேறு. வீடும் அவருடையதல்ல, வயரிங்கும் அவருடையதல்ல. சுவரில் ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டியவரிடம் டிபி பெட்டியைப் பிரிக்கச் சொல்வதில் பொருளில்லை. அவருக்கு நான் சொல்வது, வீட்டு வயரிங்கோடு சேர்க்கவே வேண்டாம் என்பதுதான். ஜெனரேட்டரிலேயே சாக்கெட் இருக்கிறது. தடித்த, மூன்று கோர் எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றை அதில் செருகி உள்ளே கொண்டுவந்து, இரண்டு விளக்கு, செல்பேசிச் சார்ஜர், தேவையானால் ஃபிரிட்ஜ் ஆகியவற்றை நேராக அதிலேயே மாட்டிக்கொள்ளலாம். சுவரில் உள்ள எந்த சாக்கெட்டையும் அந்த வயர் தொடாதவரை லைனுக்கு ஒரு வோல்ட்கூடப் போகாது. ஒன்றிரண்டு கிலோவாட் ஜெனரேட்டருக்கு எந்த வீட்டிலும் இதுவே சிறந்த வழி என்பது என் கருத்து. வீடு முழுக்க எரிய வேண்டும் என்ற ஆசைதான் இரு பக்கப் பிளக்கைக் கண்டுபிடித்தது.

விநியோகம் செய்பவர்களின் பங்கும் இதில் இருக்கிறது. சிறிய ஜெனரேட்டருக்கு ஆய்வு நடத்த ஆள் இல்லை என்பதை ஏற்கலாம். எந்த வீட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது என்ற பட்டியல்கூட இல்லாமல் ஆட்களைப் போஸ்ட்டில் ஏற்றுவதை ஏற்க முடியாது. ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மருக்கும் கீழே ஜெனரேட்டர் உள்ள வீடுகள் எவை, அவற்றில் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் உள்ளவை எவை என்று பிரிவு அலுவலகத்தில் ஒரு பதிவேடு இருந்தால், பழுது பார்க்கப் போகும் குழு அந்த வீடுகளின் ஃபியூஸை முதலில் உருவிவிட்டு ஏறலாம். அபராதம் விதிப்பதற்காக எடுக்கப்படும் பட்டியல் என்றால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். சுவிட்ச் இல்லாத வீட்டுக்கு மாட்டித்தந்து மின் கட்டணத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்வதாகச் சொன்னால் அவர்களே வந்து பெயர் தருவார்கள். தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தில் இறங்கும். அதற்கு முன்பு லைனைத் தொடும் கிளைகளை வெட்ட ஏப்ரல், மே மாதங்களில் ஆட்கள் எப்படியும் சரிவு சரிவாக நடக்கிறார்கள். ஜெனரேட்டர் கணக்கையும் அந்த நடையிலேயே எடுத்துவிடலாம்.